முப்பது நாள் ஆச்சு, அப்புறம்? ஆர்.டி.ஐ. பற்றி பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்குத் தகவல் உரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். இங்கே அதற்குப் பெயர் அர்ஜி. கன்னடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல்; ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் தமிழ் பேசுகிறவர்கள்கூட அதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் எல்லோரும் "எப்படிப் போடுவது" என்று கேட்டார்கள். இப்போது "போட்டாச்சு, ஒன்றும் நடக்கவில்லையே, சட்டத்தையே மாற்றக் கூடாதா" என்று கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் பத்து வாயில் பத்து விதமாக வருகிறது. அதையெல்லாம் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போகிற விஷயமானால் வக்கீலைப் பாருங்கள்.

ஆர்.டி.ஐ.ன்னா என்ன சார்? சுருக்கமா சொல்லுங்க.

அரசு அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைக் குடிமக்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்கிற சட்டம். முழுப் பெயர் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும், எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்தான் கெடு.

ராஜஸ்தான் கிராமங்களில் "எங்கள் கூலிக் கணக்கைக் காட்டு" என்று 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய போராட்டம்தான் தேசிய அளவில் இந்தச் சட்டத்துக்கு வித்து. ஆனால் மாநிலச் சட்டம் என்று பார்த்தால் தமிழ்நாடுதான் முந்தியது, 1997லேயே. விதிவிலக்குகள் ஏகப்பட்டவை இருந்ததால் அதை வைத்துப் பெரிதாக எதையும் வாங்க முடியவில்லை. சட்டம் இருப்பது வேறு, காகிதம் கைக்கு வருவது வேறு என்பதற்கு அதுவே முதல் பாடம்.

எவ்வளவு செலவாகும்?

விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மத்திய அரசுக்கும் கர்நாடகத்துக்கும் இதே கணக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. நான் போஸ்டல் ஆர்டர்தான் வைப்பேன், அதன் எண்ணை விண்ணப்பத்திலும் எழுதிவிடுவேன். 30 நாளுக்குப் பிறகு தகவல் தந்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. தாமதமாகப் பதில் தந்துவிட்டு "160 ரூபாய் கட்டு" என்று கடிதம் போட்டால் பிரிவு 7(6)ஐக் காட்டி மறுக்கலாம்.

தமிழ்ல எழுதிக் கொடுக்கலாமா? எங்க அம்மாவுக்கு கன்னடம் பேச வரும், எழுத வராது.

பெங்களூரில் உள்ள மாநில அலுவலகத்துக்குத் தமிழில் போட முடியாது. ஆங்கிலம், இந்தி, இல்லையென்றால் அந்த இடத்தின் ஆட்சி மொழி என்று சட்டம் சொல்கிறது. இங்கே அது கன்னடம். ஆனால் அதே பிரிவு 6(1)இல் இன்னொரு வரி இருக்கிறது: எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர பொதுத் தகவல் அலுவலர், அதாவது அந்த அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கிப் பதில் தர வேண்டியவர், உதவ வேண்டும். உங்கள் அம்மா நேரில் போய்க் கன்னடத்தில் சொல்லட்டும். எழுதிக் கொள்ள மறுத்தால் அதுவே புகாருக்கு உரிய விஷயம்.

ஊரில் இருக்கிற நிலத்துக்குப் பட்டா, சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு என்று கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதைத் தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தமிழிலேயே போடலாம், இங்கே உட்கார்ந்தபடியே. அங்கே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் கட்டணம் தீர்ந்தது. எந்த மொழியில் கேட்டாலும் காகிதம் எந்த மொழியில் இருக்கிறதோ அதில்தான் நகல் வரும். மொழிபெயர்த்துக் கொடு என்று கேட்க முடியாது.

எதைக் கேட்டாலும் "இது தகவல் இல்லை"ன்னு திருப்பி அனுப்புறாங்களே?

நீங்கள் "ஏன்" என்று கேட்டிருப்பீர்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் தார் போடவில்லை?" என்பது நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதிலான காகிதம் எந்தக் கோப்பிலும் இருக்காது. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாகக் காரணம் யோசித்து எழுத வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அதையே இப்படி மாற்றுங்கள். "இன்ன தெருவில் 2023 ஏப்ரல் முதல் இன்று வரை நடந்த சாலைப் பணிக்கான வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில்லின் நகல் வேண்டும்." அளவுப் புத்தகம் என்பது இன்ஜினியர் நேரில் அளந்து, எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று எழுதி வைக்கிற நோட்டு. தெருவில் டேப் பிடித்து அளந்து அதோடு ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். போட்ட ஜல்லி, சிமென்டின் மாதிரியை எடுத்துப் போகக்கூட உரிமை உண்டு. பிரிவு 2(ஜே) அதைத் தெளிவாகச் சொல்கிறது. கேட்கிற ஆள்தான் இல்லை.

நூத்தம்பது வார்த்தைக்கு மேல எழுதக் கூடாதாமே?

கர்நாடகத்தில் ஆமாம். ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள், என்று மாநில விதி. மத்திய அரசு விதியில் 500 சொல். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி தெருவின் வரலாற்றை எழுதினால் கேள்விக்கு இடமே இருக்காது. எனக்கு இந்த விதி பிடிக்காது. கல்வியறிவு குறைந்தவர்தான் சுற்றி வளைத்து எழுதுவார், அவரைத்தான் இது தடுக்கிறது.

பி.பி.எம்.பி.யையே கலைச்சிட்டாங்க. இப்ப யாருக்குப் போடறது?

2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்கிற பெங்களூர் மாநகராட்சி மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்தாகப் பிரிந்தது. மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். உங்கள் வீடு எதில் வருகிறது என்று சரியாகத் தெரியாவிட்டாலும் ஒன்றுக்குப் போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனால் அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அது பிரிவு 6(3). "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று உங்களிடமே திருப்பி அனுப்புவது சட்டப்படி பதில் ஆகாது. பழைய கோப்பு புது அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை என்கிற சாக்கு இன்னும் சில வருஷம் ஓடும் என்றுதான் நினைக்கிறேன்.

முப்பது நாள் ஆச்சு. பதிலே இல்ல. அப்புறம்?

பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள், காரணத்தை எழுதி வைத்தால் 45 நாள். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. மாநில அலுவலகம் என்றால் தேவராஜ் அர்ஸ் சாலையில் இருக்கிற கர்நாடகத் தகவல் ஆணையம். ரயில்வே, பாஸ்போர்ட், பி.எஃப். மாதிரி என்றால் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பதில் வந்த உறையைக் கிழித்துப் போடாதீர்கள். எங்கள் தெரு மழைநீர்க் கால்வாய் பற்றி ஓர் அலுவலகத்துக்கு நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதிப்படி 28வது நாள், கெடுவுக்குள். உறை மேல் தபால் நிலைய முத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் 44வது நாள். பழைய தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். மேல்முறையீட்டில் அந்த உறையின் நகலை வைத்தேன். விசாரணையில் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நகலை இலவசமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நம் வீட்டில் உறைகளுக்கு என்று ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது.

முதல் அப்பீலை அதே ஆபீஸ்ல பெரியவர்தானே பாக்கறார்? என்ன பிரயோஜனம்?

பல நேரம் பிரயோஜனம் இல்லைதான். தன் கீழே வேலை செய்பவரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். பொதுத் தகவல் அலுவலருக்கு அபராதம் உண்டு, இந்த முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எதுவுமே கிடையாது. விசாரணைக்குக் கூப்பிடாமல், உத்தரவும் போடாமல் சும்மா இருந்தாலும் சட்டம் அவரை ஒன்றும் செய்யாது. திருத்த வேண்டியவற்றில் இது ஒன்று. ஆனால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முதல் அப்பீல் போடாமல் இரண்டாவது போட்டால் ஆணையம் திருப்பி அனுப்பிவிடும்.

ரெண்டாவது அப்பீல் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குக் கெடு இல்லையா?

இல்லை. இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். குமாஸ்தாவுக்கு 30 நாள், மேலதிகாரிக்கு 45 நாள், நமக்கு 90 நாள் என்று எல்லோருக்கும் நாள் குறித்த சட்டம், ஆணையத்துக்கு மட்டும் நாளே குறிக்கவில்லை. முதல் இரண்டு கதவிலும் கடிகாரம் மாட்டியவர்கள் மூன்றாவதில் மாட்ட மறந்துவிட்டார்கள்.

விளைவு என்ன என்று அலுவலர்களுக்கு நன்றாகவே தெரியும். காகிதத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் கேஸ் ஆணையத்துக்குப் போகும். அங்கே வரிசையில் நிற்கும். விசாரணை வரும்போது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார், இல்லை ரிட்டயர் ஆகியிருப்பார். சாலை ஒப்பந்ததாரரின் உத்தரவாதக் காலமும் முடிந்திருக்கும். அப்புறம் அளவுப் புத்தகம் கிடைத்து என்ன செய்வது? ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால், இரண்டாவது மேல்முறையீட்டை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிற ஒரு வரியைத்தான் எழுதுவேன். மற்ற குறைகளைப் பேச்சுவார்த்தை, தீர்ப்பு, சுற்றறிக்கை என்று சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க வழியில்லை.

25,000 ரூபாய் அபராதம்னு சொல்றாங்களே, யாராவது கட்டி நீங்க பாத்திருக்கீங்களா?

நான் எழுதிக் கொடுத்த அர்ஜிகளில் இரண்டே முறை. பிரிவு 20படி தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அலுவலரின் சொந்தச் சம்பளத்திலிருந்து போக வேண்டிய பணம் இது. போதுமான காரணம் இல்லாமல் தாமதித்தால் ஆணையம் இதை விதிக்க வேண்டும் என்றுதான் சட்டத்தின் வாசகம். ஆனால் "இனி கவனமாக இருக்கவும்" என்று எச்சரித்து முடிக்கிற உத்தரவுகளே என் பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்துக் கோப்பில் அதிகம். தொகையும் 2005இல் போட்டது, இன்று வரை மாறவில்லை. அன்றைய 25,000 வேறு, இன்றைய 25,000 வேறு.

அப்பீலுக்குப் பதிலா நேரா ஆணையத்துல புகார் கொடுத்தா சீக்கிரம் ஆகுமாமே?

பொறி அது. பிரிவு 18இன் கீழ் புகார், பிரிவு 19இன் கீழ் மேல்முறையீடு, இரண்டும் வேறு வேறு. புகாரில் அலுவலருக்கு அபராதம் போடலாம், ஆனால் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னது. காகிதம் வேண்டுமென்றால் மேல்முறையீடுதான். வரிசை இரண்டுக்கும் ஒன்றேதான் என்பதால் சீக்கிரமும் ஆகாது.

ஆணையர்களை யார் போடறாங்க? ஏன் எப்பவும் காலியாவே இருக்கு?

மத்தியில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் நியமிக்கிற ஓர் அமைச்சர் என்று மூவர் குழு. மாநிலத்தில் முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், ஓர் அமைச்சர். மூன்றில் இரண்டு ஆளுங்கட்சி ஓட்டு, ஆகவே முடிவு முன்பே தெரிந்ததுதான். ஓர் ஆணையத்துக்குத் தலைமை ஆணையரோடு பத்து ஆணையர் வரை போடலாம். அந்த இடங்களை நேரத்துக்கு நிரப்ப மாட்டார்கள். ஜார்கண்டில் 2020 மே முதல் பல வருஷம் ஒரு ஆணையர்கூட இல்லை, ஆணையமே செயல்படவில்லை. காலி இடங்களை முன்கூட்டியே நிரப்ப வேண்டும், தேர்வு எப்படி நடந்தது என்பதை வெளியிட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இந்த நிலைமை. சட்டத்தைச் சிதைக்க அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம், நாற்காலியைக் காலியாக விட்டால் போதும்.

அதே 2019இல் சட்டத்தையும் மாற்றினார்கள். முன்பு ஆணையர் பதவிக் காலம் ஐந்து ஆண்டு என்றும், தலைமை ஆணையருக்குத் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு நிகரான சம்பளம் என்றும் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இப்போது மத்திய அரசு விதி போட்டு முடிவு செய்யும். காலம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. மாநில ஆணையர்களுக்கும் டெல்லிதான் முடிவு செய்கிறது. தன் சம்பளத்தையும் காலத்தையும் நிர்ணயிக்கிற அரசுக்கு எதிராக எத்தனை பேர் தைரியமாக உத்தரவு போடுவார்கள்?

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கே 2016 சட்டத்தின்படி ஆணையர் பதவிக்கு வழக்கறிஞர் சங்கம், பத்திரிகை அமைப்புகள், குடிமக்கள் அமைப்புகள் ஆட்களை முன்மொழிகின்றன. அரசியலமைப்புப் பேரவை பரிந்துரைக்க, ஜனாதிபதி நியமிக்கிறார். அந்த ஊரில் எல்லாமே சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் நுழைவாயிலை ஆளுங்கட்சி மட்டும் காவல் காக்கவில்லை. தமிழில் விண்ணப்பம் போடவும் முடியும்!

"தனிநபர் தகவல்"னு சொல்லி இப்ப எல்லாத்தையும் மறுக்கறாங்க. சட்டம் மாறிடுச்சா?

மாறிவிட்டது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)ஆம் பிரிவு மூலம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே)யைச் சுருக்கியது. அது 2025 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவு நீளமானது. தனிநபர் தகவலாக இருந்தாலும், பொதுப் பணியோடோ பொது நலனோடோ தொடர்பு இல்லாததையும், ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதையும்தான் மறுக்கலாம். அப்போதும் பெரிய பொது நலன் இருந்தால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது எல்லாம் போய், "தனிநபர் தகவல் தொடர்பானது" என்று மட்டும் நிற்கிறது.

ரேஷன் கடைப் பதிவேட்டில் இறந்து போனவர் பெயரில் அரிசி வாங்கியிருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பெயர் வேண்டும். பெயர் தனிநபர் தகவல். ஒப்பந்ததாரர் பெயர், அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் பெயர், எல்லாமே அப்படித்தான். அந்தரங்கம் முக்கியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருப் பெண்ணின் போன் நம்பரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் யாரும் 10 ரூபாய்க்கு வாங்கக் கூடாது. பழைய பிரிவு அதையும் காப்பாற்றியது, கணக்குக் கேட்கிற வழியையும் விட்டு வைத்தது. அதை ஏன் உடைத்தார்கள் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. பிரிவு 8(2). தீங்கை விடப் பொது நலன் பெரிது என்றால், விலக்குப் பெற்ற தகவலையும் அலுவலகம் கொடுக்கலாம். அதனால் இப்போதெல்லாம் விண்ணப்பத்திலேயே 8(2)ஐக் குறிப்பிட்டு, பொது நலன் என்ன என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறேன். காரணம் சொல்ல வேண்டாத சட்டத்தில் காரணம் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

பக்கத்து மனைக்காரர் அனுமதிக்கு மேல மாடி கட்றார். பிளான் நகல் கேட்டா "பர்சனல்"ங்கறாங்க.

முந்தைய பதிலில் சொன்ன 8(2) இங்கே நன்றாகப் பொருந்தும். கட்டடம் இடிந்தால் உங்கள் வீட்டு மேல்தான் விழும், அதை எழுதுங்கள். கூடவே பிரிவு 10ஐயும் கேளுங்கள். மறைக்க வேண்டியதைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்பது அந்தப் பிரிவு. உங்களுக்கு வேண்டியது அவருடைய ஆதார் எண் இல்லை, எத்தனை மாடிக்கு அனுமதி என்பதுதான். வீட்டுக்காரர் ஆட்சேபிக்கிறார் என்று அலுவலகம் சொன்னாலும், அவருக்குக் கருத்துச் சொல்லத்தான் உரிமை. முடிவு அலுவலகத்துடையது.

கட்சிகள், அபார்ட்மென்ட் சங்கம், தனியார் பள்ளி, இதுக்கெல்லாம் போடலாமா?

நேராகப் போட முடியாது. தனியார் அமைப்பைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்திடம் இருக்கிற தகவலைக் கேட்கலாம்: பள்ளி என்றால் கல்வித் துறை, சங்கம் என்றால் பதிவாளர். ஆறு தேசியக் கட்சிகள் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன என்று 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்டது. கட்சிகள் அதை மதிக்கவே இல்லை. நாடாளுமன்றத்தில் நாள் தவறாமல் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சகோதரர்கள்.

சட்டத்தைத் திருத்தணும்னு நீங்க சொல்றீங்க. ஆனா "திருத்தம்"னாலே ஆர்வலர்கள் எதிர்க்கறாங்களே?

சூடு கண்ட பூனை அவர்கள். 2006இல் கோப்புக் குறிப்புகளை, அதாவது எந்த அதிகாரி என்ன எழுதினார் என்கிற ஓரப் பக்கத்தை, சட்டத்திலிருந்து எடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து கைவிட்டார்கள். 2011இல் சி.பி.ஐ.யை விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். 2013இல், மேலே சொன்ன உத்தரவுக்குப் பிறகு, கட்சிகளை விலக்க ஒரு மசோதா வந்தது, அது நிறைவேறவில்லை. 2019, 2023 கதைகளை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முயற்சி செய்தது ஒரு கட்சி மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருபது வருஷத்தில் டெல்லியில் திருத்தம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் குறைக்கத்தான் வந்தது.

அதனால் "இருப்பதைத் தொடாதே, அதுவே போதும்" என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் உடன்பாடு இல்லை. தொடாமல் விட்டும்தானே 8(1)(ஜே) போனது? அதை ஆர்.டி.ஐ. திருத்தம் என்ற பெயரில் கொண்டுவரவில்லை, வேறொரு சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நாம் கேட்காமல் இருந்தால் அவர்கள் கேட்பது மட்டும்தான் நடக்கும். ஆணையத்துக்குக் கெடு, முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் பொறுப்பு, 8(1)(ஜே)யின் பழைய வாசகம், ஆணையர் தேர்வில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத குழு. இந்த நாலும் கேட்கத் தகுந்தவை.

சில பேர் இதையே தொழிலா வெச்சு மிரட்டி காசு பாக்கறாங்களே?

உண்டு, மறுக்க மாட்டேன். கட்டடம் கட்டுகிற இடமாகப் பார்த்து விண்ணப்பம் போட்டு, அப்புறம் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று வருகிறவர்களை இந்த ஊரிலேயே தெரியும். ஆனால் மிரட்டிப் பணம் பறிப்பது போலீஸ் கேஸ். அதற்கு ஆர்.டி.ஐ.யைக் குறைக்க வேண்டாம். குஜராத்தில் தகவல் ஆணையம் சிலரை இனி விண்ணப்பமே போடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. அப்படித் தடை போட இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

இன்னொன்று யோசியுங்கள். அனுமதித்த பிளான் இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தால், அதை வைத்து யாரை மிரட்ட முடியும்?

அப்படின்னா கேக்காமலேயே எல்லாத்தையும் வெளியிட்டா இந்த அலைச்சலே இல்லையே?

சட்டமே அதைத்தான் சொல்கிறது. பிரிவு 4: ஒவ்வோர் அலுவலகமும் தன் வரவு செலவு, மானியம் பெறுவோர், அனுமதிகள் என்று பலவற்றைத் தானாகவே வெளியிட வேண்டும், அதுவும் உள்ளூர் மொழியில். மக்கள் விண்ணப்பம் போட வேண்டிய தேவையே குறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் வெளியிடாவிட்டால் அபராதம் என்று எங்கும் எழுதவில்லை. அங்கேதான் விட்டுவிட்டார்கள்.

ராஜஸ்தான் 2019இல் ஜன் சூச்னா என்ற தளத்தைத் தொடங்கியது. கர்நாடகத்திலும் மாஹிதி கணஜ என்று ஒன்று இருக்கிறது. கணஜ என்றால் களஞ்சியம். ரேஷன், ஓய்வூதியம் போன்ற சில விவரங்களுக்கு அது உதவும். விண்ணப்பம் எழுத உட்காரும் முன் அதில் ஒரு முறை தேடிப் பாருங்கள். 10 ரூபாயும் 30 நாளும் மிச்சம்.

பேர் வெளிய தெரிஞ்சா ஆபத்து இல்லையா?

சின்ன விஷயங்களில் இல்லை. நில மாஃபியா, பெரிய ஒப்பந்தம் என்றால் பயப்படுவதில் தப்பில்லை. 2012 நவம்பரில் இந்த ஊரிலேயே ஓர் ஆர்.டி.ஐ. ஆர்வலர் தண்ணீர் பிடிக்க வீட்டு வாசலுக்கு வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். ஊழலை அம்பலப்படுத்துபவர்களைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறார்கள். தனியாகப் போடாமல், வேறு வேறு ஊர்களில் இருக்கும் நாலைந்து பேர் அதே கேள்வியைப் போடுங்கள். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கலாம், அதை மத்திய அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

டெல்லி மாறும்போது மாறட்டும். பெங்களூர்லயே எதை மாத்த முடியும்?

நிறைய. 150 சொல் வரம்பு மாநில விதி, விதான சௌதாவில் ஒரு கையெழுத்துப் போட்டால் போய்விடும். ஆணையர் காலியிடங்களை நிரப்புவது மாநிலத்தின் வேலை. ஐந்து மாநகராட்சிகளும் வேலை உத்தரவையும் அளவுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து போடுவதற்கு நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டாம். வார்டு கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். அர்ஜி போடுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம், விதியை மாற்று என்று எம்.எல்.ஏ.விடம் போய்க் கேட்டவர் என் முன்னறைக்கு இன்னும் வரவில்லை.

சரி, நாளைக்கே ஒண்ணு போடணும்னா நீங்க எதைப் போடுவீங்க?

ஆணையத்துக்கே போடுவேன். அதுவும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அலுவலகம்தான், அங்கேயும் ஒரு பொதுத் தகவல் அலுவலர் இருக்கிறார். இப்படி:

"1. இன்றைய தேதியில் நிலுவையில் உள்ள இரண்டாவது மேல்முறையீடுகளின் எண்ணிக்கை. 2. அவற்றில் மிகப் பழையது தாக்கலான தேதி. 3. கடந்த மூன்று நிதியாண்டுகளில் பிரிவு 20இன் கீழ் விதித்த அபராதத் தொகை, அதில் வசூலான தொகை, ஆண்டு வாரியாக. 4. ஆணையர் பதவிகளில் இப்போது காலியாக உள்ளவை, அவை காலியான தேதிகள். இவை உள்ள பதிவேடுகளின் நகல் வேண்டும்."

ஐம்பது சொல்கூட இல்லை. கன்னடத்தில் எழுதித் தர எதிர்வீட்டு மாணவன் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனையும் கூப்பிடுகிறேன். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வந்தால் உறையோடு கொண்டு வாருங்கள்.